மதியச் சாப்பாடு இலவசம், பீர் ஐந்து சென்ட்

பார் வைத்திருக்கும் எந்த ரெஸ்டாரண்ட்டையாவது பகல் பதினொன்றரை மணிக்குப் போய் எட்டிப் பாருங்கள். பாதி நாற்காலிகள் மேஜை மேல் கவிழ்ந்து கிடக்கும். ஒரு பையன் தரை துடைத்துக்கொண்டிருப்பான். ராத்திரி எட்டரைக்கு அதே இடத்தில் உட்கார நாற்காலி கிடைக்காது. ஆனால் வாடகை, லைசென்ஸ் கட்டணம், சமையல்காரர் சம்பளம் எல்லாம் பகலுக்கும் சேர்த்துத்தான் போகிறது. காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு உடனே ஃபிக்ஸட் காஸ்ட் பாடம் ஞாபகம் வரும். வந்தால் சரி, பரீட்சையில் வரமாட்டேன் என்கிறது என்பது வேறு கதை :)

சரி, பகலில் ஆளைக் கூட்டுவது எப்படி? இந்தக் கேள்விக்கு நூற்றி முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே அமெரிக்காவின் சலூன்காரர்கள் ஒரு பதில் கண்டுபிடித்தார்கள். (முடிவெட்டும் சலூன் இல்லை, சாராயக்கடை.) ஐந்து சென்ட் கொடுத்து ஒரு கிளாஸ் பீர் வாங்கு, பக்கத்து மேஜையில் இருக்கும் சாப்பாடு உனக்கு இலவசம். அவ்வளவுதான் திட்டம்.

1889ல் சான் பிரான்சிஸ்கோ வந்து இறங்கிய ருட்யார்ட் கிப்ளிங் இதைப் பார்த்து அசந்துபோனார். இந்தியாவிலிருந்து வந்தவர் இல்லையா, கணக்கையும் ரூபாயிலேயே போட்டார். கையில் காசே இல்லாதவன்கூட ஒரு நாளைக்கு ஒரு ரூபாய்க்கும் குறைவான செலவில் இந்த ஊரில் வயிறார சாப்பிட்டுவிடலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்.

ஏதோ நாலு பிஸ்கட் வைத்திருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். 1900ல் சிகாகோ சலூன்களைப் பற்றி ஒரு சமூகவியல் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. தொழிலாளிகள் வந்து போகும் ஒரு கடையின் ஒரு நாள் கணக்கு அதில் இருக்கிறது. இறைச்சி மட்டும் 150 முதல் 200 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 70லிருந்து 90 கிலோ. ரொட்டி 50. பீன்ஸ் 35 பவுண்டு. சில நாட்களில் முட்டை 45 டஜன். பரிமாறுவதற்கென்றே ஐந்து ஆட்கள். மொத்தச் செலவு 30 முதல் 40 டாலர்.

இப்போது கால்குலேட்டரை எடுங்கள். கிளாஸ் ஐந்து சென்ட் என்றால், சாப்பாட்டுச் செலவை மட்டும் எடுக்கவே 600லிருந்து 800 கிளாஸ் விற்க வேண்டும். பீரின் அடக்க விலை பாதி என்று வைத்துக்கொண்டால் 1200, 1600 என்று ஏறிவிடும். ஒரே நாளில்! பிறகு எப்படிக் கட்டுப்படியானது?

பதில் சமையலிலேயே இருந்தது. உப்புக்கண்டம், ஊறுகாய், பாலாடைக்கட்டி, உப்பு போட்ட மீன். சாப்பிட்டால் தாகம் எடுக்கும். தாகம் எடுத்தால் இரண்டாவது கிளாஸ். நம்மூர் பாரில் சைட் டிஷ்ஷில் காரம் தூக்கலாக இருப்பதன் ரகசியமும் இதுதானோ என்னவோ. ஒரே கிளாஸை வைத்துக்கொண்டு மூன்று தட்டு காலி செய்யும் ஆளைக் கண்காணித்து வெளியே அனுப்பவும் கடையில் ஆள் உண்டு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பல சலூன்களுக்கு மர மேஜை, கண்ணாடி, லைசென்ஸ் பணம் எல்லாம் பீர் கம்பெனிகள் கொடுத்தவை. அந்தக் கடையில் அந்தக் கம்பெனி பீர்தான் ஓடும். சிகாகோவில் லைசென்ஸ் கட்டணம் 1906ல் வருஷத்துக்கு 1000 டாலர் ஆனது. ஒரே தெருவில் வரிசையாகப் போட்டிக் கடைகள் வேறு. பக்கத்துக் கடைக்காரன் சாப்பாடு போடும்போது இவன் போடாவிட்டால் மதியம் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆக, எல்லோரும் போட்டார்கள். கூலி வாங்கும் மனுஷன் மதியம் கடைக்குள் வந்தான், இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு மறுபடி மெஷின் முன்னால் போய் நின்றான். வீட்டில் இருந்தவர்கள் இதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. மதுவிலக்குக்காரர்கள் இந்தச் சாப்பாட்டைத் தூண்டில் புழு என்றே சொன்னார்கள். அது பொய்யில்லை.

ஆனால் கதை அத்தனை சுலபமாக முடியவில்லை. 1893ல் அமெரிக்காவில் பெரிய பொருளாதார வீழ்ச்சி. அந்தக் குளிர்காலத்தில் சிகாகோவில் வேலை இல்லாதவர்கள் போலீஸ் ஸ்டேஷன் தரையிலும் நகர மன்றக் கட்டடத்திலும் படுத்துத் தூங்கினார்கள். அப்போது அங்கே இருந்த ஆங்கிலப் பத்திரிகையாளர் டபிள்யூ. டி. ஸ்டெட், 1894ல் வெளியிட்ட புத்தகத்தில், அந்த நகரத்தின் சலூன்கள் ஒரு நாளைக்கு 60,000 பேருக்குச் சோறு போட்டன என்ற மதிப்பீட்டைக் கொடுக்கிறார். அவர் குடிக்குப் பரிந்து பேசுகிறவர் இல்லை, பாதிரியாரின் மகன். இருந்தும் அதை மறைக்காமல் எழுதினார். பசித்தவனுக்கு அன்று தட்டை நீட்டியது தூண்டில் போட்ட அதே கைதான். கடைக்காரன் புண்ணியத்துக்குச் செய்தானா, பழக்கம் விடக்கூடாது என்று செய்தானா? இரண்டும் கலந்துதான் இருக்கும். லெட்ஜரில் இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

சட்டம் போட்டுத் தடுக்கவும் பார்த்தார்கள். அது காமெடியாகப் போனது. நியூயார்க்கில் 1896ல் வந்த ரெயின்ஸ் சட்டப்படி ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல்கள் மட்டும்தான், அதுவும் சாப்பாட்டோடு சேர்த்துத்தான், மது விற்கலாம். உடனே சலூன்காரர்கள் மாடியில் பத்து அறை தடுத்து ஹோட்டல் ஆகிவிட்டார்கள். சாப்பாடு? ஒரே காய்ந்த சாண்ட்விச் மேஜைக்கு மேஜை நாள் முழுக்கச் சுற்றி வந்தது. சில கடைகளில் ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே செங்கல்லே இருந்ததாம்! ஐந்து சென்ட் கடையில் முட்டையும் இறைச்சியும், சட்டம் கட்டாயப்படுத்திய இடத்தில் செங்கல்.

'இலவசச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது' என்று பொருளாதார வகுப்பில் சொல்வார்களே, மில்டன் ஃப்ரீட்மன் 1975ல் ஒரு புத்தகத்துக்கே அந்தத் தலைப்பை வைத்தார், அந்த வாக்கியத்தின் பின்னால் இருப்பது இந்த மேஜைதான். அந்த மேஜை நிஜமாகவே இருந்தது, வயிறும் நிறைந்தது என்பதை மட்டும் வகுப்பில் சொல்வதில்லை.

1920ல் நாடு முழுக்க மதுவிலக்கு வந்தது. சலூன்கள் மூடின. தொழிலாளியின் மதியச் சாப்பாடு கஃபெட்டீரியாக்களுக்கும் சின்னச் சின்ன லஞ்ச் ரூம்களுக்கும் போனது. அங்கே எடுத்த ஒவ்வொரு தட்டுக்கும் காசு. 1933ல் மதுவிலக்கு நீங்கி பார்கள் திரும்பி வந்தபோது அந்தப் பெரிய மேஜை பழைய அளவில் திரும்பி வரவில்லை. கவுண்டர் மேல் ஒரு கிண்ணம் வேர்க்கடலை வந்தது. உப்பு போட்ட வேர்க்கடலை.