கையை நீட்டிக் காட்டினோம்

நமது பங்கின் புதிய மண்டபத்திற்கு வழி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தார், பார்வையற்ற நண்பர் ஒருவர். ஓய்வுபெற்ற இசையாசிரியர், பேத்தியின் திருமண வரவேற்பு அங்கேதான். "வாயிலில் நுழைந்து நேரே வாருங்கள், மஞ்சள் கட்டடத்திற்கு எதிரே இருக்கிறது" என்றோம். கூறும்போது வலக்கையை நீட்டி வேறு காட்டினோம், தொலைபேசியில்!

வீட்டார் முன்னதாகவே வந்துவிட, அவர் ஆட்டோவில் தனியே வந்திறங்கியிருக்கிறார். "பேத்தி மேடையேறிய வேளையில் நான் கொடிமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன், தம்பி" என்று மறுநாள் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

பரிகாரமாக, கெட்டி அட்டையில் ஒரு வரைபடம் செய்தோம். நூலை ஒட்டிச் சுவர், பொத்தானை ஒட்டித் தூண், மணிகளால் மாமரங்கள், சைக்கிள் நிறுத்துமிடம்; ஒன்றையும் விடவில்லை. விரலை ஓட்டிப் பார்த்தவர், "இது மண்டபமா, மிக்சர் பொட்டலமா?" என்றார். கண் முழுப்படத்தையும் ஒரே நோக்கில் அள்ளிக்கொள்ளும். விரலோ ஒவ்வோர் இடமாகத் தடவி, மனத்தில் இணைக்க வேண்டும். நெருங்கிய இரு கோடுகள் அதற்கு ஒரே கோடு. எழுத்தும் அப்படியே. 1824-இல் லூயி பிரெய்ல் என்னும் பிரெஞ்சுச் சிறுவர் வகுத்த ஆறு புள்ளிகள் விரல்நுனிக்குள் அடங்குபவை; சுமார் 6 மில்லிமீட்டர் உயரமுள்ள அவ்வெழுத்தைச் சுருக்க இயலாது. ஆகவே படத்தில் ஓரெழுத்துக் குறியும், தனித்தாளில் விளக்கமும் என்று முடிவாயிற்று. மாமரங்கள் போயின, வாயில், மதிற்சுவர், படிகள், கதவு, கழிப்பிடம், சாக்கடை மட்டும் எஞ்சின.

வாய்மொழி வழியை அவரே சொல்லித் தந்தார்: "வாயிற்கதவுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். வலப்புற மதிற்சுவரைக் கைத்தடியால் தொட்டபடி செல்லுங்கள். மண் தரை சிமெண்டாக மாறுமிடத்தில் இடப்புறம் திரும்பினால், ஏறுவதற்கு மூன்று படிகள்." எத்தனை அடி என்று எண்ணிச் சொல்லலாமே என்றோம். "யாருடைய அடி, தம்பி? உம்முடையதா, என்னுடையதா?" தண்ணீர் மோட்டாரின் ஓசையை அடையாளமாகச் சொன்னோம். "மின்சாரம் இல்லாதபோது?" என்றார்.

காலடியில் நிலையான அடையாளம் வேண்டுமென்றுதான் ஜப்பானியரான மியாகே செயிச்சி 1965-இல் புடைப்பு ஓடுகளை உருவாக்கினார். 1967-இல் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளியின் அருகே அவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. நீள்கோடு என்றால் நடக்கலாம். குமிழ் என்றால் நிற்க வேண்டும். சென்னை மெட்ரோ நிலையங்களில் நாம் மிதித்துச் செல்லும் மஞ்சள் ஓடுகள் அவையே. நடைபாதைகளில் அவற்றின்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்துவதும் நாம்தாம்.

புதிய படத்தை மண்டபத்துச் சுவரில் பெருமையுடன் மாட்டினோம். "மாட்டியிருப்பது எனக்கு எப்படித் தெரியும்? மண்டபத்திற்கு வந்தபின் படம் எதற்கு?" என்று கேட்டார். இப்போது அது வாயிலின் வலப்புறத் தூணில், மார்பளவு உயரத்தில் இருக்கிறது. தொலைபேசியில் வழி கேட்போருக்கு அதையும் சொல்கிறோம். சாக்கடைக்குத்தான் இன்னும் மூடி போடவில்லை. கொத்தனார் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.