மச்சமும் ஓர் எழுத்துப் பிழையும்

பி.காம். படிக்கிறவனுக்கும் புற்றுநோய்க்கும் என்னடா சம்பந்தம் என்று வகுப்பில் கேட்டார்கள். சம்பந்தம் என் தாத்தா.

தாத்தாவின் இடது குதிகாலில் ஒரு கருப்புப் புள்ளி இருந்தது. "கருவேல முள்ளு குத்துன தழும்பு" என்று அவரே முடிவு பண்ணி, ஒரு வருஷத்துக்கு மேல் மஞ்சள் வைத்துக் கட்டினார். நாங்களும் நம்பினோம். புண்ணாகி ரத்தம் கசிந்த பிறகுதான் 2023-இல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். சதைப் பரிசோதனையில் மெலனோமா என்று வந்தது. தோலுக்கு நிறம் தரும் செல்களில் உண்டாகும் புற்றுநோய். அதற்குள் நுரையீரல் வரை பரவியிருந்தது.

"இன்னொரு டெஸ்ட் எடுப்போம். பி-ராஃப் பிழை இருந்தால் அதற்கு மாத்திரை இருக்கிறது" என்றார் டாக்டர். அந்தப் பெயரைப் பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டு வந்து, அன்றிரவே தேட ஆரம்பித்தேன்.

பி-ராஃப் ஒரு நொதி. என்சைம் என்று பள்ளியில் படித்திருப்பீர்களே, அதுதான். ஒரு பாஸ்பேட்டை எடுத்து, மெக் என்ற அடுத்த நொதியின் மேல் ஒட்டுவது இதன் வேலை. மெக் அதே மாதிரி எர்க் மேல் ஒட்டும். எர்க் செல்லின் உட்கருவுக்குள் போய், "வளரலாம், இரண்டாகப் பிரியலாம்" என்று உத்தரவு கொடுக்கும். எங்கள் பாஷையில் சொன்னால் பில் பாஸ் ஆவது மாதிரி. வெளியிலிருந்து செய்தி வந்து, ராஸ் என்ற புரதம் சொன்னால்தான் பி-ராஃப் கையெழுத்துப் போடும். வவுச்சர் இல்லையென்றால் கையெழுத்து இல்லை.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே உள்ள சாங்கர் நிலையத்து விஞ்ஞானிகள் 2002-இல் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். பல மெலனோமாக்களில் இந்த நொதியின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. டி இருக்க வேண்டிய இடத்தில் ஏ. அதனால் நொதியின் 600-வது இடத்தில் வேலினுக்குப் பதில் குளுட்டாமிக் அமிலம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அவ்வளவுதான்! அதன் பிறகு அந்த நொதி யாருக்காகவும் காத்திருப்பதில்லை. வவுச்சரே இல்லாமல் ராத்திரி பகலாகக் கையெழுத்து. (முதலில் அந்த இடத்தை 599 என்று எழுதி, பிறகுதான் 600 என்று திருத்தினார்களாம். பிழையைக் கண்டுபிடித்தவர்களுக்கே ரெக்டிஃபிகேஷன் என்ட்ரி!)

மெலனோமாக்களில் ஏறக்குறைய பாதியில் பி-ராஃப் பிழை உண்டு. அந்தக் கையைப் பிடித்து நிறுத்த வந்த வெமுராஃபெனிப் மாத்திரைக்கு 2011-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பலருக்குக் கட்டிகள் வேகமாகச் சுருங்கின. ஆனால் பெரும்பாலானோருக்கு ஒரு வருஷத்துக்குள் புற்றுநோய் வேறு வழியில் மெக்கைத் தூண்டித் திரும்பி வந்தது. அதனால் பி-ராஃப், மெக் இரண்டையும் சேர்த்து அடக்கும் மருந்துக் கூட்டுக்கு 2014-இல் அனுமதி தந்தார்கள்.

படித்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் பயந்துவிட்டேன். 2003-இல் வந்த ஓர் ஆய்வில், சோதித்துப் பார்த்த சாதாரண மச்சங்களில் சுமார் 80 சதவீதத்தில் இதே பிழை இருந்ததாம். என் வலது கையில் ஒரு மச்சம் உண்டு. எட்டாவது படிக்கும்போது வந்தது. "உனக்கென்னடா, மச்சக்காரன்" என்று தாத்தா சொல்லிக்கொண்டே இருப்பார். அப்படியென்றால் அதற்குள்ளும் இந்தத் திருட்டுக் கையெழுத்து நடக்கிறதா?

2005-இல் வந்த இன்னொரு ஆய்வு பதில் சொன்னது. பிழை நடந்ததும் அந்தச் செல்கள் கொஞ்ச காலம் பெருகுகின்றன. பிறகு வேறு புரதங்கள் குறுக்கே நின்று செல் பிரிவதை நிறுத்திவிடுகின்றன. கணக்கை முடக்குவது போல. அந்த முடக்கப்பட்ட கணக்குதான் மச்சம். அந்தக் காவலும் உடைந்து, மேலும் பிழைகள் சேரும்போதுதான் புற்றுநோய். ஒரு தப்பான என்ட்ரியால் மட்டும் கம்பெனி மூழ்காது, தணிக்கையும் தூங்க வேண்டும் என்று அன்று புரிந்தது.

பத்து நாள் கழித்துத் தாத்தாவின் ரிசல்ட் வந்தது. பி-ராஃப் பிழை இல்லை. உள்ளங்காலில் வரும் மெலனோமாவில் அந்தப் பிழை குறைவாகத்தான் இருக்குமாம். "அந்தக் கெட்ட பிழை இல்லை" என்ற செய்திக்கு நான் அழுததை அம்மா புரியாமல் பார்த்தாள். இருந்திருந்தால் மாத்திரை இருந்திருக்கும் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

நான்கு மாதத்தில் தாத்தா போய்விட்டார்.

எல்லாக் கருப்புப் புள்ளியையும் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் நம் ஊர்த் தோலில் இந்த நோய் பெரும்பாலும் வெயில் படும் முகத்தில் வருவதில்லை, யாருமே பார்க்காத உள்ளங்காலில்தான் வருகிறது. இன்றைக்கு வீட்டில் பெரியவர்கள் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்போது ஒரு தடவை பாருங்கள். புதிதாக ஒரு புள்ளி வந்து பெரிதாகிக்கொண்டே போனால், முள் என்று அவர்களே சொன்னாலும் தோல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.