மலாய் நாட்டுச் சாலைகளில் – 7: சுங்கை பூலோவில் ஒரு வாடகைக் கார்

பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயில் வாசலில் சென்ற இதழில் விடைபெற்றுக்கொண்ட நாம், இந்த இதழில் சுங்கை பூலோவுக்கு வந்திருக்கிறோம். கே.எல். சென்ட்ரலில் கம்யூட்டர் ரயில் ஏறினால் இங்கே வந்து இறங்கிவிடலாம். 2016 டிசம்பர் முதல் எம்.ஆர்.டி. ரயிலும் இவ்வூரைத் தொட்டுச் செல்கிறது. ஆனால் 1930ஆம் ஆண்டில் தொழுநோயாளருக்கென்று ஏற்படுத்தப்பட்ட, ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய குடியிருப்புகளுள் ஒன்றாய் விளங்கிய அந்தப் பள்ளத்தாக்கையும், அங்கே குணமடைந்தும் ஊர் திரும்பாமல் தங்கிவிட்டவர்கள் வளர்த்தெடுத்த பூச்செடிப் பண்ணைகளையும் சாவகாசமாகப் பார்த்துவிட்டு, மாலைக்குள் கிள்ளானுக்கும், இருட்டியபின் கோலசிலாங்கூர் மின்மினிகளுக்கும் போய்வர வேண்டுமென்று ஆசைப்படுகிறவனுக்கு ரயில் அவ்வளவாகப் பயன்படாது. கார் வேண்டும். நம் நாட்டைப் போலவே இங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் எனக்குத் தயக்கமும் இல்லை.

என்னை விருந்தினனாக ஏற்றுக்கொண்ட பெரியவர், ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சுங்கை பூலோ நிலையத்தில் பால்மரம் வெட்டிய தகப்பனாருக்குப் பிறந்தவர். அந்தத் தோட்ட நிலம் இப்போது குவாசா டாமன்சாரா என்னும் புதுநகரமாக உருமாறிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. லாரி ஓட்டிப் பிழைத்தவராதலால், வண்டி சம்பந்தமான விஷயங்களில் அவருடைய அபிப்பிராயத்தை மறுத்துப் பேச அந்தத் தெருவில் யாருக்கும் துணிவு வராது. பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவர், தமக்குத் தெரிந்தவரிடம் ஒரு காடி சும்மா நிற்பதாகவும், கம்பெனிக்காரன் கேட்பதில் பாதிக்கு நாள் வாடகை பேசி முடித்துத் தருவதாகவும் வந்து சொன்னபோது, நான் சந்தோஷப்படுவதற்கு முன்பாகவே பெரியவர் குறுக்கிட்டார்.

“தம்பி, அது சொந்தக் காடி இன்சூரன்ஸ்தானே? வாடகைக்கு விட்டா அது செல்லுமா?”

இளைஞர் சிரித்துக்கொண்டே, “யாரு அண்ணே பாக்கப் போறா? சொந்தக்காரர்னு சொல்லிக்கலாம்லா,” என்றார்.

“இடிச்சா பாப்பான். இந்த ஐயா ஊருக்குப் போன பிறகும் பாப்பான்.”

பேரம் அத்துடன் முடிந்தது. மலேசியாவில் சொந்த உபயோகத்துக்கென்று எழுதப்படும் காப்புறுதிப் பத்திரம், அந்த வண்டியைக் கூலிக்கோ வாடகைக்கோ விடுவதை வெளிப்படையாகவே விலக்கிவைக்கிறது. வாடகைக்கு விடும் நிறுவனம் அதற்கான அரசாங்க உரிமம் பெற்றிருக்க வேண்டும். வண்டியின் காப்புறுதியும் அந்த உபயோகத்துக்கே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். பாதி வாடகைக்குக் கிடைக்கும் கார், விபத்து நேராதவரை மலிவு; நேர்ந்துவிட்டாலோ, பத்திரம் கையிலிருந்தும் வண்டிச் சேதத்துக்கு ஒரு காசு பெயராது. வெளிநாட்டில் கார் எடுக்கிறவர்கள் எந்தக் காப்புறுதித் திட்டம் சிலாக்கியமானது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்களே தவிர, இந்த முதல் கேள்வியைக் கேட்பவர்கள் அபூர்வம் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது கேள்வி, சட்டம் யாருக்காக ஏற்பட்டது என்பது. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி இங்கே காப்புறுதியில்லாமல் எந்த வண்டியும் சாலைக்கு வரக்கூடாது. ஆனால் சட்டம் கட்டாயப்படுத்துவது, நம் வண்டியால் உயிரிழந்த அல்லது காயமுற்ற மூன்றாம் மனிதனுக்குரிய நஷ்டஈட்டைத்தான். அவனுடைய வண்டிக்கு ஏற்பட்ட சேதத்தைச் சட்டம் வற்புறுத்தவில்லை. நம் வண்டியின் சேதத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சிநேகிதத்துக்காக நம்முடன் ஏறிக்கொண்டவர்கள்கூட அந்தக் கட்டாயப் பாதுகாப்புக்குள் வரமாட்டார்கள். ஆகவே, “எங்கள் வண்டிகளுக்கெல்லாம் இன்சூரன்ஸ் உண்டு” என்று ஒரு வாடகைக்காரர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. நமக்கு வேண்டியதையும் சொல்லவில்லை. முழுக் காப்புறுதி உண்டா, அதில் பயணிகள் அடங்குவார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நம் பொறுப்பு.

முழுக் காப்புறுதி என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ்நாட்டு வாசகர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடக்கூடும். அங்கேதான் ஜாக்கிரதை தேவை. நம் நாட்டில் சொந்தச் சேதத்துக்கென்று எடுக்கும் பத்திரத்தில் வெள்ளமும் புயலும் வழக்கமாகவே அடங்கிவிடுகின்றன. 2015 டிசம்பரில் சென்னையில் கார்கள் மூழ்கியபோது, நீரில் நின்ற எஞ்சினைக் கிளப்பிக் கெடுத்துக்கொண்டவர்களின் கோரிக்கைகளில்தான் தகராறு மூண்டது. வெள்ளம் காப்பீட்டுக்குள் அடங்குமா என்பதில் வழக்கில்லை. மலேசியாவில் அப்படியில்லை. முழுக் காப்புறுதியானாலும் வெள்ளம், நிலச்சரிவு முதலியவற்றைத் தனிக் கட்டணம் கட்டித்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும், முன்கண்ணாடிக்கும் அவ்வாறே. 2021 டிசம்பர் 18ஆம் தேதியையொட்டிக் கிள்ளான் பள்ளத்தாக்கில் கொட்டிய மழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா முழுவதும் நீரில் அமிழ்ந்து, கூரைமட்டம்வரை மூழ்கிய வீடுகளிலிருந்து மக்களைப் படகில் மீட்க வேண்டியிருந்தபோது, தெருவில் நின்ற கார்களின் சொந்தக்காரர்களில் பலர், தாங்கள் ஆண்டுதோறும் தவறாமல் கட்டிவந்த பணத்தில் வெள்ளத்துக்கு இடமில்லை என்பதைக் கார் சேற்றில் கிடக்கையில்தான் அறிந்தார்கள். பெரியவர் அந்த ஷரத்துக்குப் பணம் கட்டியிருந்தவர். அதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. கிள்ளான் ஆற்றை அறிந்தவன் கட்டாமல் இருக்கலாமா என்றுதான் கேட்டார்.

மறுநாள் உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்துக்கு அவரே என்னை அழைத்துப் போனார். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்மணி மிக மரியாதையாகப் பேசி, ‘சி.டி.டபிள்யூ.’ என்ற சலுகையை விளக்கினார். இது இன்ஷூரன்ஸ் போலத் தோற்றமளித்தாலும், கண்டிப்பாகச் சொன்னால் இன்ஷூரன்ஸ் அன்று. வண்டி சேதமானால் நம்மிடம் வசூலிக்கும் உரிமையை நிறுவனம் ஒரு வரம்புக்கு மேல் விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம். அந்த வரம்புவரை, அதாவது ‘எக்ஸஸ்’ என்று அவர்கள் சொல்லும் சில ஆயிரம் வெள்ளிவரை, நம்முடைய பணம். நாளொன்றுக்கு இன்னும் சில வெள்ளி கட்டினால் எக்ஸஸ் குறையும். மேலும் கட்டினால் அற்றுப்போகும். டயர், சக்கர வளையம், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், தொலைந்த சாவி ஆகியவை பெரும்பாலும் இந்தச் சலுகைக்குப் புறம்பு. தாய்லாந்து எல்லையைத் தாண்டக்கூடாது. பெயர் எழுதப்படாத ஒருவர் ஓட்டக்கூடாது. பழுது பார்க்கும் நாட்களுக்கான வாடகையையும் நம் தலையில் வைக்கும் ஷரத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எக்ஸஸைக் குறைக்கும் நடுத்தரத் திட்டத்தையே நான் எடுத்துக்கொண்டேன். ஒரு கீறலுக்காகப் பிரயாணச் செலவு முழுவதையும் இழக்கும் நிலை வரக்கூடாது என்பதே என் கணக்கு. சின்னஞ்சிறு கீறலுக்கும் பிறர் பொறுப்பேற்க வேண்டுமென்று தினந்தோறும் பணம் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. குழந்தைகளுடன் வருபவர்கள் வேறுவிதமாக நினைக்கலாம், அது நியாயமே.

சாவியைத் தருவதற்கு முன் பெரியவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பம்பரிலும் கதவிலும் இருந்த ஒவ்வொரு வடுவையும் கைப்பேசியில் படமெடுக்கச் செய்தார். “இடிச்சா, இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல ரிப்போட் போடணும் ஐயா, இல்லாட்டி எந்த இன்சூரன்ஸும் பேசாது,” என்றார். விபத்தை அந்த அவகாசத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டுமென்பது சட்டமும்கூட.

தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே காரோட்ட நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். புறப்படுவதற்கு முன்பே உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 4ஏ படிவம் கொடுத்துச் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைப் பெற்று, அதையும் அசல் லைசென்ஸையும் சேர்த்தே கொண்டுவாருங்கள். அது ஓராண்டுக் காலம் செல்லும். முறையான அனுமதியில்லாமல் ஓட்டுகிறவனுக்கு மேலே சொன்ன எந்தக் காப்புறுதியும், எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும், கைகொடுக்காது. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவுக்கு அடுத்த இதழில் போவோம்.