செல்லும் என்று தெரிந்தவன்

பத்து ரூபாய்க் காசு செல்லும் என்பது எனக்குத் தெரியும். ஆதாரத்தோடு தெரியும். எங்கள் தெருவே அதைச் செல்லாக்காசு என்று ஒதுக்கிய நாட்களில் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் என் ஆல்பம் நிறைந்திருக்காது. ஒப்புக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான். அதற்கு மேல் எழுதுவதெல்லாம், இது தெரியாமல் நேர்ந்த சறுக்கல் அல்ல என்று காட்டத்தான்.

ராயபுரத்தில், காசிமேட்டுப் பக்கம் எனக்கு ஒரு சின்ன மளிகைக் கடை. காசு சேர்க்கிற பைத்தியம் சின்ன வயதிலேயே பிடித்தது. சோழர் காசு, டச்சுக்காரர் காசு என்று விலை கொடுத்து வாங்குகிறவர்கள் வசதிக்காரர்கள். நான் கல்லாவில் தேடுகிறவன். இந்த ஆண்டு அச்சான காசு, கைபட்டுத் தேய்வதற்கு முன்னால், அரிசிக்கோ சோப்புக்கோ விலையாக என் கடைக்கு வந்து சேர வேண்டும். அதில்தான் எனக்கு ருசி.

ராத்திரி கடை அடைத்ததும் கல்லாவைச் செய்தித்தாள் மேல் கவிழ்ப்பேன். முதலில் ஆண்டைப் பார்ப்பேன், பிறகு ஆண்டுக்குக் கீழே இருக்கும் மின்ட் மார்க்கை. சாய்சதுரம் என்றால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஐதராபாத், வட்டப் புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. ஒரே ஆண்டு, ஒரே உருவம், குறி மட்டும் வேறு என்றாலும் எனக்கு அது வேறு காசு. பிடித்ததை எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாக நோட்டைப் போட்டுவிடுவேன். கணக்கில் ஒரு பைசா குறைந்ததில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை நான் எத்தனையோ முறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கம்பெனிக்காரன் காலத்தில் இந்தப் பக்கமே காசு அடித்த இடம்தான். இன்றைக்குத் தங்கசாலை என்ற பேரும் மின்ட் பஸ் ஸ்டாண்டும் மிச்சம். இப்போது காசு வெளியூரில் அச்சாகி, ரிசர்வ் வங்கி வழியாக மற்ற வங்கிகளுக்குப் போய், அங்கிருந்து கடைத்தெருவுக்கு இறங்குகிறது. சென்னை ரிசர்வ் வங்கி இருப்பது ராஜாஜி சாலையில், பீச் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். எங்களுக்குச் சில கிலோமீட்டர் தூரம். காசை வெளியிடுகிற இடம் அவ்வளவு கிட்டத்தில் இருந்தும், அந்தக் காசு செல்லாது என்ற வதந்திதான் எங்கள் தெருவை ஆண்டது.

இரண்டு உலோகத்தில் செய்த பத்து ரூபாய்க் காசு புழக்கத்துக்கு வந்தது 2009 மார்ச்சில். முதலில் வந்தவற்றில் ஒன்றில், 10 என்ற எண்ணுக்கு மேலே கதிர் மாதிரி 15 கோடுகள் இருக்கும். 2010-இல் ரூபாய்க்கென்று ஒரு குறியீடு பிறந்ததும், 2011-இல் வந்த காசில் அந்தக் குறியீடு ஏறியது, கோடு பத்தானது. நடுவிலும் பின்னாலும் ஹோமி பாபா நூற்றாண்டு, ரிசர்வ் வங்கியின் 75 ஆண்டு, நாடாளுமன்றத்தின் 60 ஆண்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் வந்தது. சேர்க்கிறவனுக்குக் கொண்டாட்டம். சாதாரண ஜனங்களுக்கோ, ஒரே விலைக்கு இத்தனை முகமா என்ற சந்தேகம்.

2016 நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி பெரிய நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த பிறகு அந்தச் சந்தேகம் பயமானது. அரசாங்கமே அடித்த நோட்டு ஒரே ராத்திரியில் காகிதமானதைப் பார்த்தவர்களிடம், பதினைந்து கோடு போட்ட காசு டூப்பு, ரூபாய்க் குறி இல்லாதது டூப்பு என்று வாட்ஸ்அப்பில் யாரோ சொன்னால் நம்ப மாட்டார்களா? அதே மாதம் 20-ஆம் தேதி ரிசர்வ் வங்கி, எல்லாக் காசும் செல்லும் என்று அறிவித்தது. பேப்பரில் வந்தது. நான் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டேன். கடைச் சுவரில் ஒட்ட அல்ல, ஆல்பத்தில் வைக்க.

காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் ஓர் அக்கா எங்கள் கடையில் சாமான் வாங்குவார். அவர் சுருக்குப்பை நிறையப் பத்து ரூபாய்க் காசு.

“செல்லாதாம் தம்பி. ஆட்டோக்காரன் வாங்க மாட்றான், டீக்கடையில வாங்க மாட்றான். வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?”

“குடுங்கக்கா, பார்க்கலாம்” என்றேன்.

செல்லும் என்று சொல்லி மொத்தத்தையும் வாங்கியிருக்க வேண்டும். சட்டப்படி ஒரே தடவையில் 1,000 ரூபாய் வரை காசாகவே கொடுக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நான் என்ன செய்தேன்? ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். என்னிடம் இல்லாத ஆண்டு, இல்லாத குறி, பளபளப்புக் குறையாதது என்று பொறுக்கினேன். அவற்றுக்கு முழு விலை கொடுத்தேன். மற்றதை “இது வேணாம்” என்று தள்ளிவிட்டேன்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வாழ்நாள் முழுக்கச் செவுளைத் தூக்கிப் பார்த்து நல்ல மீனையும் நொந்த மீனையும் பிரித்தவர். பிரித்துத் தள்ளியதற்கு அவருக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்.

“அப்போ இந்தப் பாஞ்சு கோடு போட்டது டூப்பு, இல்ல?”

பதினைந்து கோட்டுக் காசு என்னிடம் ஏற்கெனவே இருந்தது. தள்ளியதற்குக் காரணம் அது ஒன்றே. அதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்காது. நான் “ம்” என்றேன். பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்க வசதியான பதில் அது.

அந்த “ம்” தெருவில் சுற்றியது. என் கடைக்காரப் பார்வைக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. நான் எடுத்தால் நல்ல காசு, தள்ளினால் கள்ளக்காசு. கூடைக்கார அம்மாக்கள், இட்லி விற்கிறவர்கள் எல்லாரும் என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். பயம் எவ்வளவு பரவியதோ அவ்வளவு காசு என் முன்னால் குவிந்தது. வங்கியில் பை பையாக வாங்கியிருந்தாலும் அத்தனை வகை கிடைத்திருக்காது. வாங்கிக்கொண்டதற்கு நன்றியும் சொன்னார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

2015 டிசம்பரில் வெளியான அம்பேத்கர் காசு எனக்கு அப்படித்தான் கிடைத்தது. 1923-இலேயே ரூபாயின் சிக்கலைப் பற்றிப் புத்தகம் எழுதியவர் அவர். ரிசர்வ் வங்கி தொடங்குவதற்குப் பத்து ஆண்டு முன்னால், நாணய முறையை ஆராய வந்த ஆணையத்திடம் சாட்சியம் சொன்னவர். அவர் முகம் பொறித்த காசையே செல்லாது என்று ஒரு பாட்டி பயந்து நீட்டினார். “இது நல்ல காசும்மா” என்று சொல்ல அதைவிடப் பொருத்தமான தருணம் எனக்கு அமைந்திருக்காது. நான் பார்த்தது கீழே இருந்த மின்ட் மார்க்கை.

சில வாரம் கழித்து மீன்கார அக்கா சந்தோஷமாக வந்தார். நான் தள்ளிய காசையெல்லாம் யாரோ ஒருவர் பத்துக்கு எட்டு என்று எடுத்துக்கொண்டாராம். “எட்டாவது வந்துதே” என்றார். ஒரு காசுக்கு இரண்டு ரூபாய் அவருக்கு நஷ்டம். எடுத்துக்கொண்டவருக்கும் காசு செல்லும் என்று தெரிந்திருக்கிறது. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எங்களுக்குள் வித்தியாசம், அவர் பணத்தில் கழித்தார், நான் பேச்சில் கழித்தேன்.

யாரையும் ஒரு பைசா ஏமாற்றவில்லை என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கொடுத்த விலை சரிதான். கொடுக்காமல் வைத்துக்கொண்டது தகவல். ‘சொன்னால் நம்பியிருக்கவா போகிறார்கள்’ என்றும் ஒரு சமாதானம் இருந்தது. அதுவும் நிற்காது. நான் தள்ளியதை வைத்தே கள்ளக்காசு என்று நம்பியவர்கள், செல்லும் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்களா?

2018 ஜனவரி 17-ஆம் தேதி ரிசர்வ் வங்கி மறுபடி அறிக்கை விட்டது: இதுவரை 14 வடிவங்களில் பத்து ரூபாய்க் காசு வந்திருக்கிறது, பதினான்கும் செல்லும். ஜனங்களின் பயம் தெளிவதற்காக எழுதிய பட்டியல் அது. நான் அதை எடுத்து, என்னிடம் இருப்பதற்கு எதிரே டிக் போட்டேன். இல்லாதவற்றைத் தனியாகக் குறித்துக்கொண்டேன். பிற்பாடு கடை வாசலில் ‘10 ரூபாய் காயின் வாங்கப்படும்’ என்று அட்டை தொங்கவிட்டதும் உண்மைதான். அதைப் பார்த்து நல்ல மனுஷன் என்றார்கள். ‘செல்லும்’ என்று அட்டையில் எழுதவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

2020-இல் பன்னிரண்டு மூலையோடு இருபது ரூபாய்க் காசு வந்தபோதும் முதலில் அதே தயக்கம் எழுந்தது. இந்தத் தடவை நீட்டியவர்களிடம் செல்லும் என்று சொன்னேன். ஆனால் ஆண்டையும் குறியையும் பார்த்து முடித்த பிறகுதான் சொன்னேன். கை அப்படிப் பழகிவிட்டது.

அந்த அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு இரண்டு ரூபாயாகக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுவது கஷ்டமில்லை. “தெரிஞ்சே ஏன் தம்பி சொல்லல?” என்று அவர் கேட்பாரே, அதற்குத்தான் பயம். எனக்குக் காசு பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். இப்போதும் புதுசாக எது கிடைத்தாலும் எனக்கென்று முந்தானையில் முடிந்து கொண்டுவருகிறார். நானும் வாங்கிக்கொள்கிறேன்.