ஆப்பிள் பெட்டிக்குள்ளே ஒரு காடு

இன்ஜினீயரிங் காலேஜ்ல 'ஐ.வி.'ன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாததா? பேருக்கு ஒரு நாள் தொழிற்சாலை, மீதி நாளெல்லாம் குலு-மணாலி! எங்க டிபார்ட்மென்ட் கொஞ்சம் நேர்மை. 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப் பாதையைப் பார்க்கப் போறோம்னு சொல்லித்தான் ஹெச்.ஓ.டி.கிட்ட கையெழுத்து வாங்கினோம்.

போற வழியில சோலாங் பள்ளத்தாக்கு. பஸ் நின்னதும் மொத்த கும்பலும் பனியில உருள ஓடிடுச்சு. ஜலதோஷம் புண்ணியத்துல நானும், இந்தி தெரிஞ்ச என் ரூம்மேட்டும் மட்டும் டீக்கடையில ஒதுங்கினோம். எதிர்ச் சரிவு முழுக்க கரும்பச்சையில நெடுநெடுன்னு மரங்கள். "சாச்சாஜி, அது என்ன மரம்?"னு கடைக்காரப் பெரியவர்கிட்ட கேட்கச் சொன்னேன். "எது பேட்டா? அங்கே நாலு ஜாதி நிக்குதே!"ன்னு சிரிச்சார்.

தேவதாரு, கைல், ராய், தோஷ். நம்ம ஊர்ல இருந்து போறவங்க எல்லாத்துக்கும் சேர்த்து 'பைன்'னு ஒரே பேர் வெச்சுடுறோம். பெரியவர் கீழே கிடந்த ஒரு குச்சியை எடுத்து, அதிலிருந்து ஊசி மாதிரி ஒரு இலையைக் கிள்ளி என் கையில வெச்சார். "உருட்டிப் பார்." விரலுக்கு நடுவுல உருண்டுச்சு. இலைக்கு நாலு பட்டை இருக்கிறதால உருளுது. இது ராய். தோஷ் இலை தட்டை, உருளாது. இன்னொரு அடையாளம், காய். ராய் மரத்துல காய்கள் கீழ்நோக்கித் தொங்கும். தோஷ்ல மெழுகுவத்தி மாதிரி நிமிர்ந்து நிக்கும். சின்னக் கிளைகள் தலைக்குக் குளிச்சு ஈரத்தோட விட்ட கூந்தல் மாதிரி தொங்கினா, அது ராயேதான். எங்க செமஸ்டர் வைவா இவ்வளவு தெளிவா இருந்திருந்தா எப்படி இருக்கும்!

ராய்ங்கிறது மேற்கு இமயமலை ஸ்ப்ரூஸ். ஆப்கானிஸ்தான்ல இருந்து நேபாளம் வரைக்கும், கிட்டத்தட்ட 2,400 மீட்டர் முதல் 3,600 மீட்டர் உயரத்துல வளரும். நல்லா வளர்ந்த மரம் 50 மீட்டரைத் தாண்டும், அதாவது பதினைஞ்சு மாடிக் கட்டடம். ஆனாலும் ஊருக்குள்ள தேவதாருக்குத்தான் மரியாதை. அதுக்கு வாசனை இருக்கு, எண்ணெய் இருக்கு, கோயில் இருக்கு. ராய்க்கு அதெல்லாம் கிடையாது. வெள்ளை மரம், லேசு, ஆணி சுலபமா இறங்கும், வாசனையே இல்லை.

இந்த நல்ல குணம்தான் அதுக்கு வினை.

1910-கள்ல சத்யானந்த ஸ்டோக்ஸ்ங்கிற அமெரிக்கர் கோட்கட் பக்கம் கொண்டுவந்த சிவப்பு ஆப்பிள் ரகங்கள், சில தலைமுறைகள்ல இமாச்சலோட தலையெழுத்தையே மாத்திடுச்சு. பழம் டெல்லிக்குப் போகணும், மும்பைக்குப் போகணும், சென்னைக்கும் வரணும். எதுல வைக்கிறது? 20 கிலோவைத் தாங்கணும், பெட்டி கனமா இருக்கக் கூடாது, பழத்துல மர வாசனை ஏறக் கூடாது. டிசைன் கிளாஸ்ல இந்தக் கணக்கைக் கொடுத்தா நானும் ராயையும் தோஷையும்தான் எழுதியிருப்பேன். வருஷா வருஷம் லட்சக்கணக்கான பெட்டிகள். ஒரு தடவை பழம் சுமக்கிறதுக்காக, நூறு வருஷத்துக்கு மேல நின்ன மரங்கள்!

எங்க அப்பாவோட ஹாஸ்டல் ரூம்ல புக் ஷெல்ஃபே ஆப்பிள் பெட்டிதானாம். ரெண்டை அடுக்கி, மேல நியூஸ்பேப்பர் விரிச்சா ஷெல்ஃப் ரெடி. காலியான பெட்டியை பழக்கடைக்காரர் சும்மாவே கொடுத்துடுவாராம். அந்த 'சும்மா'ங்கிற வார்த்தைதான் சோலாங்ல டீ குடிக்கும்போது எனக்குத் தொண்டையில நின்னுச்சு.

தோட்டக்காரங்களை வில்லனாக்க எனக்கு இஷ்டமில்லை. அந்தப் பழம்தான் அவங்க பிள்ளைகளை காலேஜுக்கு அனுப்புச்சு. பெரியவரோட பேத்தியும் சண்டிகர்ல படிக்கிறாளாம். 1980-கள்ல மாநில அரசு பச்சை மரம் வெட்டத் தடை போட்டு, அட்டைப் பெட்டிக்கு மாறச் சொன்னப்போ பலருக்குத் தயக்கம். மழையில அட்டை நனைஞ்சு பிஞ்சா நஷ்டம் யாருக்கு? நியாயமான கேள்விதானே. மெதுவாத்தான் மாறினாங்க. 2024 சீசன்ல இருந்து எல்லாருக்கும் ஒரே அளவு அட்டைப் பெட்டின்னு விதியே வந்துடுச்சு.

இதுல நம்ம ஊர் கனெக்‌ஷன் ஒண்ணு இருக்கு, தேடிப் படிச்சப்போ ஆச்சரியமா இருந்துச்சு. நீலகிரி மாவட்டம் கூடலூர்ல காடு அழியுதுன்னு 1995-ல டி.என்.கோதவர்மன் திருமுல்பாடுங்கிறவர் உச்ச நீதிமன்றத்துல வழக்குப் போட்டார். 1996 டிசம்பர் 12-ம் தேதி வந்த உத்தரவு, கூடலூரோட நிக்காம நாடு முழுக்கப் பாஞ்சுது. இமாச்சல் மாதிரி மலைப் பகுதிகளோட காடுகள்ல மரம் வெட்டவே தடை. பின்னாடி சில தளர்வுகள் வந்தாலும், கூடலூருக்காகத் தட்டின கதவு சோலாங் சரிவுக்கும் திறந்திருக்கு.

சரி, கோடாரி நின்னுடுச்சே, காடு தானா வந்துடுமேன்னு நானும் பெரியவர்கிட்ட கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். "விதை விழும் பேட்டா. வேர் இறங்காது."

ராய் மரத்துக்கு அடியில மக்காத ஊசி இலைகள் மெத்தை மாதிரி கிடக்கு. குட்டியூண்டு விதை அதுமேல விழுந்து முளைச்சாலும், வேர் மண்ணைத் தொடுறதுக்குள்ள மெத்தை காஞ்சு போயிடும். தப்பிச்சு மண்ணைப் பிடிச்சா களைச்செடிகள் அமுக்கும். அதையும் தாண்டினா ஆட்டு மந்தை. நாத்து விட்டு நடலாம்னா, கையளவு வளரவே வருஷக்கணக்காகும். ஒரு செமஸ்டர்ல ரிசல்ட் கேட்கிற நமக்கு இந்த வேகம் புரியவே புரியாது. பத்தாததுக்கு, கீழே குளிர் குறையக் குறைய ஆப்பிள் தோட்டமும் மேல மேல ஏறிக்கிட்டிருக்கு.

கடைக்குப் பின்னாடி, எப்பவோ சாஞ்சு பாதி மக்கிப்போன ஒரு மரத்தைக் காட்டினார். அதோட முதுகுல பாசிக்கு நடுவுல மூணு கன்று. ஈரம் தங்குறதால அங்கே மட்டும் பிழைச்சிருக்கு. பெரியது என் பேனா உயரம். "வயசு என்ன இருக்கும்?"னு கேட்டேன். பெரியவர் உள்ளங்கையை விரிச்சு அஞ்சுன்னு காட்டினார். கொஞ்சம் யோசிச்சு, இன்னொரு கையையும் விரிச்சார்.