காக்டெயிலும் அதன் ஈரலும்

நம்ம ஊர்ல பறவைக்குன்னு யாரும் காசு குடுத்துத் தீனி வாங்குறதில்லை. கோழி குப்பையைக் கிளறித் தின்னும். பச்சைக்கிளி நம்மளைக் கேக்காமலே சூரியகாந்திப் பூவைக் காலி பண்ணிட்டுப் போகும். அதனால கோயம்புத்தூர்ல வேலை பார்க்கிற என் மகள் போன் பண்ணி, "அப்பா, காக்டெயிலுக்கு ஈரல் கெட்டுப்போச்சுங்கப்பா"ன்னு அழுதப்ப எனக்கு ஒண்ணும் விளங்கல. பேரே சாராயக்கடைச் சமாச்சாரமா இருக்கு, ஈரல் கெடாம என்ன செய்யும்னு பக்கத்துல இருந்த மச்சான் சிரிச்சார். அவ அழுகையைக் கேட்டவனுக்குச் சிரிப்பு வரல.

காக்டெயில்ங்கிறது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சின்னக் கொண்டைக்கிளி. சாதாரணமா 80-லிருந்து 100 கிராம் வரை இருக்கும். மகள் தனியா இருக்கிறா. சாயங்காலம் அவ பூட்டைத் திறக்குற சத்தம் கேட்டதும் அது விசிலடிக்கும். அந்த வீட்ல அவளுக்குன்னு இருக்கிற ஒரே ஆள் அதுதான்.

பறவை வைத்தியம் தெரிஞ்ச டாக்டர் எடை போட்டுப் பார்த்தா 122 கிராம். மூக்கு அளவுக்கு மேல வளர்ந்திருக்கு, நகத்துல கருப்புப் புள்ளி, எச்சத்துல வெள்ளையா இருக்க வேண்டிய பாகம் பச்சையா இருக்கு. ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு, ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்குன்னு சொல்லிட்டார். கடையில குடுத்த கலவைத் தீனியில பாதிக்கு மேல சூரியகாந்தி விதை. அதுலயும் இது தினையை ஒதுக்கிட்டு விதையை மட்டும் பொறுக்கித் தின்னிருக்கு.

நான் வெளைவிக்கிற பொருள்தான், அதனால கணக்கு எனக்குத் தெரியும். 100 கிராம் சூரியகாந்திப் பருப்புல ஏறக்குறைய 50 கிராம் எண்ணெய். தினையில 4 கிராம்தான். அப்போ நம்ம காட்டுக் கிளிக்கு ஏன் ஒண்ணும் ஆகலன்னு மகள் கேட்டா. அது நாலு வாய் தின்னுறதுக்குள்ள நான் தகரத்தைத் தட்டுறேன், பறந்து அடுத்த காட்டுக்குப் போகுது, அங்கேயும் விரட்டுறாங்க. ஆஸ்திரேலியாவுல காக்டெயிலும் அப்படித்தான், புல்விதை தேடி ஊர் ஊராப் பறக்கும். கூண்டுல கிண்ணம் எப்பவும் நிறைஞ்சிருக்கு, ரெக்கைக்கு வேலையே இல்லை. செலவாகாத எண்ணெய் ஈரல்ல போய்ச் சேருது. வெறும் விதையில வைட்டமின் ஏ-யும் கால்சியமும் பத்தாது, அது தனிக் கேடு.

இதைக் கேட்டுட்டு இன்னைக்கே விதையை நிறுத்திடாதீங்க. புதுத் தீனியைத் தீனின்னே அதுக்குத் தெரியாது, பட்டினி கிடந்தே செத்துப்போகும். ஈரல் கெட்ட பறவைக்குப் பட்டினி இன்னும் ஆபத்து. டாக்டர் சொன்னபடி மகள் வாரக் கணக்குல கொஞ்சம் கொஞ்சமா மாத்துறா. சூரியகாந்தியைக் குறைச்சு, பறவைக்குன்னே செய்யிற குருணைத் தீனி, கேரட், மஞ்சப் பூசணி, முருங்கைக்கீரை, முளைகட்டின பாசிப்பயறுன்னு சேர்க்குறா. கிராம் தராசுல தினமும் காலையில எடை. நான் தினையைக் கதிரோடயே அறுத்து அனுப்புறேன். அதுலயும் அளவு உண்டு, ஆனா தொங்கவிட்டா ஒவ்வொண்ணா உரிச்சுத் தின்னணும், அதுவே ஒரு வேலை.

மருந்தடிக்கிற விவசாயியா ஒண்ணு சொல்றேன். சந்தைக் கீரையை நாலு தண்ணியில நல்லா அலசிட்டுக் குடுங்க. நமக்கு ஒண்ணும் செய்யாத அளவு, 90 கிராம் உசுருக்கு அதிகம். அவகேடோ, சாக்லேட், காப்பி இதெல்லாம் பக்கத்துலயே வேண்டாம்.

அடுத்தது பூஞ்சாணம். மழையில நனைஞ்ச கடலை, மக்காச்சோளத்துல வர்ற அஃப்லடாக்சின் விஷம் நேரா ஈரலைத்தான் பிடிக்கும். 1960-ல இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கு மேல வான்கோழி செத்துச்சு. காரணம் தேடிப் போனா, தீனியில கலந்த கடலைப் புண்ணாக்கு. அதுக்கப்புறம்தான் இந்த விஷத்தையே கண்டுபிடிச்சாங்க. வறுத்தாலும் இது முழுசாப் போகாது. கையில எடுத்து மோந்து பாருங்க, மக்கல் வாடை அடிச்சா குப்பையில போடுங்க. விலை குறைவா மூட்டையாக் குடுக்குறாங்கன்னு வாங்கி மாசக்கணக்குல வைக்காதீங்க.

பறவை நோயைக் காட்டிக்காது. காட்டுல சோர்ந்து உக்காந்தா பருந்து தூக்கிரும், அந்தப் பழக்கம் கூண்டுலயும் போகாது. சிலுப்பிக்கிட்டு உக்காந்திருக்கு, மூச்சுக்கு வாலும் சேர்ந்து ஆடுதுன்னா ஏற்கனவே முத்திருச்சுன்னு அர்த்தம். நாட்டு வைத்தியம் கேட்டு என்கிட்ட வராம அன்னைக்கே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க.

மகளோட பறவை இப்ப 109 கிராம். கதவைச் சாத்திட்டுச் சாயங்காலம் ஒரு மணி நேரம் அறைக்குள்ள பறக்க விடுறா. முதல்ல ரெண்டு எட்டுப் பறந்துட்டு மூச்சு வாங்கி உக்காந்துருச்சாம். இப்ப ஜன்னல் கம்பிக்கும் மின்விசிறிக்கும் நடுவுல சுத்துதாம். மின்விசிறியை மொதல்ல நிறுத்து தாயீன்னு சொல்லியிருக்கேன்.