ஆடு தின்னாத செடி... பறவை தொடாத பட்டாம்பூச்சி! - ஸ்ரீரங்கத்தில் ஒரு வண்ண உலா

ஸ்ரீரங்கம் என்றதும் ராஜகோபுரமும் அம்மா மண்டபமும்தான் நினைவுக்கு வரும். ரங்கநாதரைச் சேவித்துவிட்டு, பிரசாதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு பலரும் ஊர் திரும்பிவிடுவார்கள். ஆனால், கோயிலிலிருந்து மேற்கே மேலூர் பக்கம் போனால், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இன்னோர் உலகம் காத்திருக்கிறது. மேலணை காப்புக்காட்டுப் பகுதியில், சுமார் 25 ஏக்கரில் வனத்துறை அமைத்திருக்கும் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா அது. 2015-ல் திறக்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட வகை வண்ணத்துப்பூச்சிகள் இங்கே பதிவாகியிருக்கின்றன.

குழந்தைகள் விளையாட்டுத் திடலுக்கு ஓடுவார்கள். பெரியவர்கள் நட்சத்திர வனத்தில் தங்கள் நட்சத்திரத்துக்கு உரிய மரத்தைத் தேடுவார்கள். செடிகளின் பக்கம் பத்து நிமிடம் பொறுமையாக நிற்பவர்களுக்குத்தான் இந்தப் பூங்காவின் நிஜமான நாடகம் கண்ணில் படும். உயிர் பிழைப்பதற்காக நடக்கும் நாடகம்!

விஷமே கவசம்

கறுப்புச் சிறகு, அதில் வெள்ளைப் பட்டை, ஓரத்தில் சிவப்புப் பொட்டுகள், குங்குமத்தில் தோய்த்து எடுத்தாற்போல் சிவந்த உடல். இதுதான் 'கிரிம்சன் ரோஸ்'. தமிழில் சிவப்புடல் அழகி. இவ்வளவு பளிச்சென்று இருந்துகொண்டு, அவசரமே இல்லாமல் மெதுவாகப் பறக்கும். பறவைகள் கொத்திவிடாதா?

கொத்தாது. காரணம், ஆடுதின்னாப்பாளை. எதையும் விட்டுவைக்காத ஆடுகூட வாய் வைக்காது என்பதால்தான் அந்தச் செடிக்கு அந்தப் பெயர். இந்தப் பட்டாம்பூச்சியின் புழு அதையும், அதன் சொந்தக்காரச் செடியான ஈஸ்வரமூலியையும் தின்றே வளர்கிறது. செடியின் நஞ்சு புழுவின் உடலில் சேர்ந்து, சிறகு முளைத்த பிறகும் தங்கிவிடுகிறது. விவரம் தெரியாமல் ஒருமுறை கவ்விய பறவை, அந்தச் சிவப்பைப் பிறகு மறக்காது.

எருக்கஞ்செடியில் வளரும் வெந்தய வரியனுக்கும் இதே கதைதான். எருக்கம்பாலின் நஞ்சுதான் அதற்குக் கவசம்.

வேஷம் போடும் பெண்கள்

நம் வீட்டுக் கறிவேப்பிலையில் முட்டையிடும் 'காமன் மார்மன்' என்கிற கறிவேப்பிலை அழகிக்கு அப்படி எந்த நஞ்சும் கிடையாது. அதனால் அது வேஷம் போடுகிறது. ஆண்கள் எல்லாம் ஒரே தோற்றம்தான். பெண்களிலோ மூன்று வகை. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். இன்னொன்று 'காமன் ரோஸ்' என்கிற ரோஜா அழகியைப் போல இருக்கும். மூன்றாவது, சிவப்புடல் அழகியின் அச்சு அசல்!

அசலையும் நகலையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. சிறகைப் பார்க்காதீர்கள், உடலைப் பாருங்கள். சிவந்திருந்தால் அசல். கறுத்திருந்தால் வேஷக்காரி.

நஞ்சில்லாத பூச்சி நஞ்சுள்ளதைப் போல வேஷமிடுவதை, அமேசான் காடுகளில் சுற்றிய ஹென்றி வால்டர் பேட்ஸ் 1862-ல் விளக்கினார். மார்மன் பெண்களுக்கு மட்டும் இந்த வேஷம் எப்படி வாய்க்கிறது என்ற புதிருக்கு 2014-ல் விடை கிடைத்தது. ஆண், பெண் உடல் வேறுபாட்டைத் தீர்மானிக்கும் ஒரே ஒரு மரபணுவே இதற்கும் பொறுப்பு. அதைக் கண்டறிந்த குழுவில் பெங்களூருவைச் சேர்ந்த விஞ்ஞானி கிருஷ்ணமேக் குண்டேயும் ஒருவர்.

எச்சமா... புழுவா?

கறிவேப்பிலை, எலுமிச்சை இலைகளில் காக்கை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால், சற்று உற்றுப் பாருங்கள். அது மார்மன் அல்லது எலுமிச்சை அழகியின் இளம் புழுவாக இருக்கலாம். எச்சத்தை எந்தப் பறவை தின்னும்? நான்கு முறை தோலுரித்து வளர்ந்த பிறகு, இலையோடு இலையாகப் பச்சை நிறத்துக்கு மாறிவிடும். அப்போதும் யாராவது தொந்தரவு செய்தால், தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பு போன்ற ஓர் உறுப்பு வெளியே நீளும். கூடவே ஒரு நெடி. எறும்பும் விலகிப் போய்விடும்.

அரளிச் செடியில் இரண்டு வித்தைகள் காத்திருக்கின்றன. வெண்புள்ளிக் கருப்பன் பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழு, வெள்ளியில் வார்த்த தொங்கட்டான் போல இலையடியில் மின்னும். அதே அரளியில் வளரும் அந்துப்பூச்சி ஒன்றின் பச்சைப் புழுவுக்கு, தலைக்குப் பின்னால் இரண்டு நீலக் 'கண்கள்' உண்டு. நிஜக் கண்கள் அல்ல, வெறும் புள்ளிகள். ஆபத்து என்றால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். புள்ளிகள் விரிந்து, குட்டிப் பாம்பு முறைப்பது போல இருக்கும். வளர்ந்த அந்துப்பூச்சியோ ராணுவ உடை போலப் பச்சையும் பழுப்பும் கலந்த சிறகோடு, பகலெல்லாம் இலைகளுக்குள் மறைந்திருக்கும்.

முருங்கைக் கம்பளிப்பூச்சியை அறிமுகப்படுத்தவே வேண்டாம். அதுவும் அந்துப்பூச்சியின் புழுதான். அரிக்க வைக்கும் அந்த ரோமங்களே அதன் வேலி.

வரப்பில் தொடங்கும் ஆபத்து

இத்தனை வித்தைகளுக்கும் அடித்தளம், யாரும் மதிக்காத செடிகள். ஆடுதின்னாப்பாளை வயல் வரப்பிலும் தரிசிலும் தானாக முளைப்பது. களை என்று மருந்தடித்தால் அது அழியும். அது இல்லாத இடத்தில் சிவப்புடல் அழகி முட்டையிட முடியாது. அசல் இல்லாத ஊரில் பறவைகளுக்கு 'சிவப்பு என்றால் கசப்பு' என்ற பாடமும் கிடைக்காது. அப்புறம் மார்மனின் வேஷத்துக்கு என்ன மதிப்பு? ஒரு செடி போனால், இரண்டு பட்டாம்பூச்சிகளுக்குச் சிக்கல்.

ஸ்ரீரங்கம் போகிறவர்கள், வெயில் ஏறத் தொடங்கும் காலை நேரத்தில் பூங்காவுக்குப் போவது நல்லது. வண்ணத்துப்பூச்சிகள் சுறுசுறுப்பாகப் பறக்கும் நேரம் அது. சிறகைத் தொட வேண்டாம். விரலில் ஒட்டும் வண்ணப்பொடி, அவற்றின் சிறகுச் செதில்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு கறிவேப்பிலையில் பச்சைப் புழு தென்பட்டால், உடனே மருந்து பாட்டிலைத் தேடாதீர்கள். அது கடிக்காது, அரிக்காது. நாலு கொத்து இலை அதன் பங்கு என்று விட்டுவிடுங்கள். சில வாரங்களில், அந்தக் கணக்கு சிறகு விரித்து வாசலில் பறக்கும்.